ரெண்டே எட்டு வளையல்

எனக்குப் புற்றுநோய் குணமான பிறகுதான் என் உடம்பு ஊர்ப் பொதுச்சொத்து ஆனது. அதற்கு முன்னால் நான் சிவகாசியில் ஓர் அச்சக முதலாளியின் பெண்டாட்டி, அவ்வளவுதான். வீட்டைப் பார்ப்பேன், பிரஸ்ஸுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளுக்கு புரூஃப் பார்ப்பேன், என்னை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இடது மார்பை எடுத்து, ஊசி மருந்தும், கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சும் முடிந்து, தலையில் முடி முளைத்து நான் தெருவில் இறங்கிய அன்றைக்கு, எதிர்வீட்டம்மாள் என்னை நிறுத்திவைத்து மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். "ஆளு நல்லாத் தேறிட்டீகளே!" என்றாள். அந்தப் பார்வை எங்கே போய் நின்றது என்பது எனக்குத் தெரியும். இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கிறாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன் என்பது தெரியாமல் குழம்பிப்போய் வீட்டுக்குள் போனாள். அந்தக் குழப்பத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அது" என்பார்கள். இன்னும் மரியாதைக்காரர்கள் "அந்தக் கட்டி" என்பார்கள். பெயரைச் சொன்னால் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். ஆனால் வைத்தியம் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் பயம் கிடையாது. சீத்தாப்பழ இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, வெறும் வயிற்றில் மஞ்சள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தேறாதவர்கள் எல்லாம் எனக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் வந்து, "எல்லாம் பட்டாசு மருந்துக் காத்து பண்ற வேலை" என்றார். அவருக்கே இரண்டு பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. நான் ஆலைப்பக்கம் போனதே இல்லை என்றதும், "அப்ப அச்சு மையி" என்று எங்கள் தொழில் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

"குணமாயிருச்சுல்ல? பிறகென்ன?" என்பதுதான் எல்லாருக்கும் கடைசிக் கேள்வி. அது கேள்வியே இல்லை, வாயை மூடு என்பதற்கு மரியாதையான சொல். குணமாகிவிட்ட நான் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. தினமும் போடுகிற மாத்திரை அப்படி. வெந்நீரில் கையை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் பல் விளக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியும். சிவகாசி வெயில் போதாதென்று உடம்புக்குள்ளிருந்து வேறு திடீர் திடீரென்று ஒரு சூடு கிளம்பி, பேசிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வேர்த்துக் கொட்டும். செக்கப் தேதிக்குப் பத்து நாள் முன்னாலிருந்து சோறு இறங்காது. செக்கப் முடிந்து மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் பசி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். இதை எல்லாம் யாரிடம் சொல்வது? பிழைத்ததே பெரிது, இதில் இவளுக்குக் கை வலிக்கிறதாம் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆஸ்பத்திரியில் நான் எடுத்த வாந்தியைத் தன் கையால் அள்ளினார், அதை மறக்க மாட்டேன். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் நான் ரவிக்கை மாற்றும்போதெல்லாம் அவருக்கு அவசரமாகப் பேப்பர் படிக்க வேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கை விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனில் மார்போடு சேர்த்து அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சிலருக்கு அந்தப் பக்கத்துக் கையில் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, கை வீங்கும். நோய் திரும்பி வந்தால்தான் வீங்கும் என்றில்லை. எனக்கு ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம் இடது கை வீங்கத் தொடங்கியது. முதலில் மோதிரம் ஏறவில்லை, பிறகு வளையல் ஏறவில்லை. பயந்துபோய் மதுரைக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கை வீக்கம் பார்க்கிற பெண், வீக்கத்தை வடிய வைக்கக் கையை நீவிவிடக் கற்றுக்கொடுத்தாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் இழுத்து மாட்டுகிற, தோல் நிறத்தில் இறுக்கமான ஓர் உறையும் கொடுத்தாள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், தினமும் போட்டால் இதற்கு மேல் ஏறாது என்றாள். போடுகிறேன், ஏறவில்லை. சித்திரை மாதத்தில் அந்த உறைக்குள் கை என்ன பாடுபடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

உறையைக் கண்டு முதலில் அதிர்ந்துபோனவர் என் நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. விருதுநகரில் பருப்பு மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு என் வீக்கம் பெரிதாகத் தெரியவில்லை. வலது கையில் வளையல், இடது கை மொட்டை, அதுதான் அவர் கண்ணை உறுத்தியது. சுமங்கலி ஒரு கையில் வளையல் இல்லாமல் விசேஷ வீட்டுக்கு வரலாமா? மறுவாரமே ஒரு டப்பாவோடு வந்தார். வலது கைக்கு என் பழைய அளவு, ரெண்டே நாலு. இடது கைக்கு அதே நிறம், அதே வேலைப்பாடு, ஆனால் இரண்டு அளவு பெரிதாக ரெண்டே எட்டு. கடைக்காரர் ரெண்டு பேருக்கா என்று கேட்டாராம். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டாராம். "தள்ளி நின்னு பாத்தா ஒருத்தருக்கும் தெரியாதுத்தா" என்றார். உண்மைதான். முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கையும், அந்த வளையலும், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துகிற ஒரு சாமர்த்தியமும் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் செத்துப்போகாமல் ஒரு வருஷம் தாண்டியதும், நாத்தனாருக்கு என்னால் ஓர் உபயோகம் இருப்பது புரிந்துவிட்டது. விருதுநகரில், சிவகாசியில், சுற்றுப்பட்டில் எந்தப் பெண்ணுக்கு "அது" வந்திருக்கிறது என்று செய்தி வந்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டுச் சேலை கட்டச் சொல்வார், பூ நிறைய வைக்கச் சொல்வார். "அந்த உறையக் கழட்டிப் போட்டுட்டு வா. பாக்குறவுக பயந்துருவாக" என்பார். அதனால் காலையிலிருந்து கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். கொஞ்சம் வடியட்டும் என்று.

நோயாளி வீட்டுக்குப் போனதும், முதலில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் மேஜைக்குப் போகும். அடுத்தது நான்.

"இவளுக்கும் இதேதான். என்ன ஆயிப்போச்சு இப்ப? பாருங்க, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கா. ஏத்தா, கையத் தூக்கிக் காட்டு."

சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவேன்.

"வலிக்குதா?"

"இல்ல மதினி."

"மாத்திரை மருந்து ஏதும் உண்டா?"

"ஒன்னுமில்ல மதினி."

"பாத்தீகளா?"

எல்லாரும் பார்ப்பார்கள். வித்தை காட்டிய குரங்குக்குப் பழம் கொடுப்பதுபோல எனக்குக் கேசரி வரும். அதையும் முழுசாகச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், பசி எடுக்கிறது என்பதற்கு அது சாட்சி. எத்தனை வீட்டில் கையைத் தூக்கினேன் என்பதை நான் எண்ணவில்லை.

ஏன் தூக்கினேன் என்று கேட்டால் இரண்டு காரணம். பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். "அம்மாவுக்கு அது வந்துச்சாமே" என்று எவர் வீட்டிலாவது கேட்டால், "வந்துச்சு, சுவடே இல்லாமப் போயிருச்சு" என்று சொல்ல ஊர் முழுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களை நாத்தனார் வீடு வீடாகத் தயார் செய்துகொண்டிருந்தார். இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்துவார்கள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஊரில் ஒரு சங்கத்தார் மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, "நோயை வென்ற வீராங்கனை" என்றார்கள். நான் யாரையும் வெல்லவில்லை, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அதைச் சொல்லாமல் கேடயத்தை வாங்கி வந்து ஷோகேஸில் வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிரஸ்ஸிலேயே ஒருவர் வீட்டில் அந்தச் செய்தி வந்தது. ஆப்செட் மிஷினில் பதினைந்து வருஷமாக நிற்கிறவர், நாரணாபுரத்துக்காரர். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாகச் சொல்லி என் வீட்டுக்காரர் முன்னால் நின்று அழுதார். நாத்தனாருக்குக் கேட்கவா வேண்டும், மறுநாளே காரில் வந்து இறங்கிவிட்டார்.

அவள் வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். நாங்கள் போனபோதும் மூலையில் அடுக்கு அடுக்காகக் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன், வழக்கம்போல இல்ல மதினி என்றேன். நடுவில் நாத்தனாருக்கு ஒரு போன் வந்து வாசலுக்குப் போனார். அப்போது அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. ஆபரேஷனுக்குப் பிறகு கை எப்படி இருக்கும்? எனக்குக் கையிதான் பொழப்பு. அதான் பயமா இருக்கு."

நாத்தனாருக்குக் கேட்காது. வேறு யாரும் அறையில் இல்லை. என் ரவிக்கைக்குள் கை கனத்துக்கொண்டிருந்தது, காலையில் உறை போடாத கோபம் அதற்கு. வீங்கினாலும் வீங்கும், வீங்கினால் உடனே போ, சரியாகப் பார்த்துக்கொண்டால் பயமில்லை என்று மூன்று வாக்கியம் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"ஒன்னும் செய்யாது. என்னையப் பாரேன்" என்றேன்.

அவள் ஆபரேஷனுக்குப் போனாள். நல்லபடியாக எல்லாம் முடிந்தது. எங்கள் செக்கப் தேதிகள் வேறு வேறு என்பதால் மதுரையில் நாங்கள் சந்தித்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குப் பிரஸ்ஸுக்கு வருவாள். "நல்லா இருக்கீகளாக்கா?" என்பாள். "எனக்கென்ன?" என்பேன். இரண்டு ஆயுத பூஜை இப்படிப் போனது.

இந்த ஆடியில், அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியிடுகிற அமளியில் பிரஸ்ஸே இரண்டுபட்டுக் கிடந்தபோது, அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை என் மேஜைக்கு வந்தது. ஆவணியில் முகூர்த்தம். கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் நான்தான் பார்ப்பேன். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் கல்யாண மண்டபத்தில் அடிதடி நடக்கிற ஊர் இது. படிக்காதவர்கூடத் தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். பார்த்துக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பு இருந்தது. பெண் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்தப் பெண் பார்மசி படிக்கிறது எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றைக்கு அவள் அப்பா பிரஸ் முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்தார். மிஷின் பக்கம் போய் அவரைக் கேட்டேன்.

"ரெண்டாவது வருசத்தோட நிக்கிதும்மா. பாதிப் படிப்ப என்னத்தப் போட? வீட்டுல அவ அம்மா ஒரே பிடியா நிக்கா, இந்த வருசமே முடிக்கணும்னு. காரணமும் சொல்ல மாட்டேங்கா" என்று மிஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் பிள்ளை நாலு எழுத்துப் படித்தால் இந்த ஊர்ப் பெற்றோருக்கு அரிப்பெடுத்துவிடும். நல்ல இடம் என்று ஒருவன் சொன்னால் போதும், புத்தகத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மணையில் உட்கார வைத்துவிடுவார்கள். செத்துப் பிழைத்தவளுக்குமா புத்தி வரவில்லை என்று நினைத்தேன். அவளை நாலு வார்த்தை கேட்பதற்காகவே புரூஃபை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போனேன். தாய்மாமன் பெயர் சரிபார்க்க வேண்டும் என்பது சாக்கு. வெளியே கிளம்பினால் உறையைக் கழற்றுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்கும் கழற்றி, ரெண்டே எட்டு வளையலைப் போட்டுக்கொண்டேன்.

ஆடி வெக்கையில் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். "வாங்கக்கா, இப்பத்தான் வந்தீகளா?" என்று தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். நான் வாங்கப்போனேன்.

வலது கையில் சிவப்புக் கண்ணாடி வளையல் தொளதொளவென்று தொங்கியது. இடது கையில் அதே சிவப்பு, அதே கண்ணாடி, அசையாமல் ரவிக்கைத் துணியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையும் சொம்பின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வட்டம் ஒன்றில்லை என்பது தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தத் திருட்டுத்தனம் செய்தவளுக்குத்தான் அது தெரியும்.

"இடது கை வளையல் என்ன சைஸு?" என்றேன்.

"எதுக்குக்கா?"

"சொல்லு."

சொம்பைக் கீழே வைத்தாள். ரவிக்கைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள். பிறகு, "ரெண்டே எட்டு" என்றாள்.

"எம்புட்டு நாளா?"

"தையிலருந்து."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"செக்கப்புக்கும் போகல. போயி? திரும்பி வந்துருச்சுன்னு அவுக வாயாலயும் கேக்கணுமாக்கா?" என்றாள். அழவில்லை. ஏற்கெனவே அழுது முடித்தவளின் குரலில் சொன்னாள். "போனா மறுபடியும் மொட்டை, மறுபடியும் ஊசி. மூனு மாசமோ ஆறு மாசமோ படுத்தே கெடக்கணும். அவருக்கு இன்னும் தெரியாது. நடமாட்டம் இருக்கையிலேயே புள்ளைய ஒருத்தன் கையில புடிச்சுக் கொடுத்துட்டா நிம்மதியாப் போயிருவேன். தாயில்லாப் புள்ளையா நின்னா யாருக்கா அவளக் கெட்டுவாக?"

"கை வீங்குனா நோய் திரும்பிருச்சுன்னு யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதானக்கா சொன்னீக" என்றாள். "ஆபரேஷன் ஆன கை ஒன்னும் செய்யாதுன்னு. உங்களுக்கு ஒன்னுமே ஆகல. எனக்கு மட்டும் வீங்குதுன்னா, அப்ப உள்ள அது இருக்குன்னுதான அர்த்தம்? ஆஸ்பத்திரில ஒரு தாளு கொடுத்தாக, அதுல என்னென்னமோ போட்டிருந்துச்சு. கண்ணால உங்களப் பாத்துட்டேன், பிறகு தாளு எதுக்கு?"

அவளைத் திட்டுவதற்கு வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வார்த்தைகள் என் வாயில் இருந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் என் இடது கை வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்துத் தன் வளையலோடு சேர்த்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. ரவிக்கைக் கையை மேலே தள்ளி என் கையைக் காட்டினேன். கட்டைவிரலால் அழுத்தினேன், குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. அவள் கையையும் வாங்கி வளையலுக்குக் கீழே அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. வீக்கம் கெட்டிப்பட்டிருந்தது. அது நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், அப்போது அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"இது நோயில்ல. தண்ணி தேங்குது. எனக்கும் இருக்கு. பயப்படாத" என்றேன்.

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். சாகப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன், கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்றுகூட நினைத்திருப்பேன், பழக்கதோஷம்.

"உங்களுக்கு எம்புட்டு வருசமா?" என்றாள்.

"அஞ்சு வருசத்துக்கு மேல."

"அப்ப அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தீகளே, அப்பவே இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நான் கேட்டனே அக்கா. தனியாக் கேட்டனே."

"கேட்ட."

"என் பிள்ளை படிப்ப நிறுத்திப்புட்டேன்க்கா" என்றாள். "ஒரு மாசமா அவ என்கூடப் பேசல. கண்ட எடத்துல நெருப்பா முறைச்சுட்டுப் போறா. செத்ததுக்குப் பெறகு புரிஞ்சுக்கிடுவான்னு இருந்தேன்." அதற்குப் பிறகு, என்னைப் பார்க்காமல், "எந்திரிச்சுப் போயிருங்கக்கா" என்றாள்.

எழுந்தேன். உள் அறை வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். நேராக வந்து அம்மாவின் இடது கையைப் பிடித்து, ரவிக்கைத் துணியை இழுத்துத் தூக்கப் பார்த்தாள், அது ஏறவில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்திரிகை அடிச்சாச்சா?"

"இல்ல. புரூஃபுதான்."

"அப்ப அடிக்காதீக" என்றாள்.

அடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று அவள் அப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அவருக்கு அந்தச் சிரமமே வரவில்லை. பெண்ணின் அம்மாவுக்குக் கை வீங்கியிருக்கிறது என்று காதில் விழுந்ததும், மாப்பிள்ளை வீட்டாரே ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆறு மாதமாக இடிக்காத ஜாதகம். நன்றாக இருக்கட்டும். பெண் மறுபடியும் கல்லூரிக்குப் போகிறாள். விட்ட நாட்களுக்காக அந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டுமாம்.

நாத்தனார் போனில் ஒரு மணி நேரம் கத்தினார். "நீ அன்னைக்கு அப்படிச் சொல்லலைன்னா அவ ஆபரேஷனுக்கே போயிருக்க மாட்டா. இப்ப மண்ணுக்குள்ள இருந்திருப்பா. உசுரக் காப்பாத்திக் கொடுத்துருக்கோம்த்தா நாம!" என்றார். அதில் உண்மை இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் நான் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆயுத பூஜையில் ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் நாத்தனார் என் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. இப்போது நான் எங்கே போனாலும் உறையைப் போட்டுக்கொண்டு போகிறேன். பையனுக்குப் பேசிக்கொண்டிருந்த விருதுநகர் வீட்டார் யோசிக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். யோசிக்கட்டும், இதுவரைக்கும் எதையும் யோசித்த குடும்பமாக அது தெரியவில்லை. மல்லாங்கிணற்றில் ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பிய நாத்தனார் இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. வேறு யாரையோ பிடித்திருப்பார், கையைத் தூக்க ஆளா கிடைக்காது?

ஆவணியில், அந்த முகூர்த்தம் இருந்திருக்க வேண்டிய வாரத்தில், அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், மகள் அனுப்பிவைத்தாள். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் ஒரு கிழவரோடு உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு நோய் திரும்பவில்லை என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கை வீக்கம் பார்க்கிற அறைக்கு அனுப்பினார்கள். எனக்கு உறை கொடுத்த அதே பெண்தான். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் காரம். என்னோடு வந்தவளை ஸ்டூலில் உட்கார வைத்து, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டே வந்தாள். எழுத எழுத அளந்தவளின் முகம் மாறியது.

"எப்பம்மா ஆரம்பிச்சது?"

"தையில."

"தையிலயா? இவ்வளவு கெட்டிப்படுற வரைக்கும் ஏம்மா விட்டீங்க? அப்பவே வந்திருந்தா நல்லா வடிஞ்சிருக்கும். இனிமே கட்டுப்போட்டுக் கொஞ்சம் குறைக்கலாம். பழைய கை வராது. என்ன வேலை பாக்குறீங்க?"

"குழாய் சுத்துறேன். பட்டாசுக்கு."

"முன்ன மாதிரி நாள் முழுக்க உக்காந்து சுத்த முடியாதும்மா இனி." டேப்பைச் சுற்றினாள். "கை வீங்கலாம்னு யாரும் உங்களுக்குச் சொல்லவே இல்லையா? யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

"ஒருத்தர்ட்ட கேட்டேன்" என்றாள் அவள். "ஒன்னும் செய்யாதுன்னாக."

"யாரும்மா அந்த அறிவுகெட்ட ஆளு?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நீட்டிய கையை மடக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு அடுத்த ஸ்டூலில், உறை போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டம்மாளையும், பட்டாசு ஆலைக்காரரையும், நாத்தனாரையும், மாப்பிள்ளை வீட்டாரையும் நான் மனதுக்குள் திட்டுகிற அதே வார்த்தை அது. அவள் விரலை நீட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் நீட்டவில்லை.

"நான்தான்" என்றேன்.

அந்தப் பெண் டேப்பை மேஜையில் வைத்துவிட்டு, முதலில் என் முகத்தையும் பிறகு என் உறையையும் பார்த்தாள்.